சின்ன ஆர்டருக்குச் சரக்குக் கட்டணத்தைக் குறைப்பது எப்படி: சென்னையிலிருந்து முதல்முறை இறக்குமதி செய்பவர்களுக்கு

சீனாவிலோ வியட்நாமிலோ துருக்கியிலோ ஒரு சப்ளையரைப் பிடித்து, விலை பேசி முடித்துவிட்டு, "சாமான் 50,000 ரூபாய்தான், ஆனா கூரியருக்கே 60,000 கேக்கறாங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்டெய்னர் கணக்கில் இறக்குபவர்களுக்கு இது தேவைப்படாது. இரண்டு பெட்டி, பத்து பெட்டி, அதிகம் போனால் ஒரு குட்டியானை நிறையும் அளவுக்குச் சரக்கு எடுப்பவர்களைத்தான் கட்டணம் கழுத்தைப் பிடிக்கிறது.

ரேட்டில் பேரம் பேசிக் குறைப்பது சொற்பம்தான். பெட்டி எவ்வளவு பெரியது, எந்த வழியில் வருகிறது, எந்த இடம் வரைக்கும் சப்ளையர் பொறுப்பு, இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது, இந்த நான்கில்தான் பெரிய பணம் இருக்கிறது, நான்குமே நீங்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்பு பேசி முடிக்க வேண்டியவை. பணம் கைமாறிய பிறகு சப்ளையரிடம் போய் "பெட்டியைச் சின்னதாக்குங்க" என்றால் கேட்பாரா என்ன?

முதலில் உங்கள் பக்கத்துக் காகிதம்

வியாபாரத்துக்காக இறக்குமதி செய்ய ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான குறியீட்டு எண்) வேண்டும். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் நீங்களே எடுக்கலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண்ணாகவும் வரும். இதற்கு 5,000, 6,000 வாங்கிக்கொண்டு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அவசியம் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் ஒருமுறை உள்ளே போய் விவரங்களை உறுதி செய்துவிடுங்கள், விட்டால் எண் செயலிழக்கும். சரக்கு மீனம்பாக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அது தெரியவந்தால் தினம் தினம் வாடகை ஏறும்.

அடுத்தது, சாமானுக்கு ஏதாவது அனுமதி வேண்டுமா என்பது. பவர் அடாப்டர், பவர் பேங்க், எல்இடி விளக்கு போன்றவற்றுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். புளூடூத், வைஃபை இருந்தால் டபிள்யூபிசி (தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு) ஒப்புதல் வேண்டும். பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து பிஐஎஸ் முத்திரை இல்லாமல் முடியாது. டிரோன் இறக்குமதிக்கு 2022-இலேயே தடை வந்துவிட்டது. கட்டணத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். திருப்பி அனுப்பவோ அழிக்கவோ வேண்டிவந்த பார்சலுக்கு நீங்கள் கொடுத்த கூலி மொத்தமும் வீண், அதனால்தான். ஹெச்எஸ் கோடை (சாமான் எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் எண்) சப்ளையரிடம் கேட்டு வாங்கி, இங்கே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் (பழக்கத்தில் இன்னும் சிஎச்ஏ என்றுதான் சொல்கிறோம்) காட்டிவிடுங்கள். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றித் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடிப் பக்கமெல்லாம் அவர்கள் ஆபீஸ்கள்தான். நேரில் போய்ப் பேசுங்கள், போனில் கிடைக்காத பதில் நேரில் கிடைக்கும்.

பெட்டியின் அளவைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற வேலையும் இதுதான். சப்ளையரிடம் எடை கேட்பார்கள், பெட்டியின் நீளம் அகலம் உயரம் கேட்க மாட்டார்கள். கூரியர் கம்பெனிகள் நிஜ எடை, கனஅளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்கும். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற எக்ஸ்பிரஸ் கூரியர்களில் வழக்கமான கணக்கு, சென்டிமீட்டரில் நீளம் × அகலம் × உயரம், வகுத்தல் 5000.

பிளாஸ்டிக் அலங்காரப் பூ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 60 × 40 × 40, உள்ளே இருக்கும் சரக்கு 7 கிலோ. கணக்குப் போட்டால் 19.2 கிலோ வருகிறது, அரை கிலோவுக்கு மேல்நோக்கி முழுமையாக்கி 19.5 கிலோவுக்குப் பில் போடுவார்கள். அதாவது கூலியில் பாதிக்கு மேல் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். அதே பூவைத் தனித்தனி அட்டை டப்பா இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காம்பையும் பூவையும் பிரித்து அடுக்கி, உயரத்தை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 கிலோதான். ஒரு பெட்டிக்கு 7.5 கிலோ மிச்சம், சப்ளையரிடம் ஒரு பைசா பேரம் பேசாமல்.

சப்ளையரிடம் என்னென்ன கேட்கலாம்? சில்லறை டப்பாவை மடித்த நிலையில் தட்டையாக அனுப்பச் சொல்லலாம், இங்கே ஆள் வைத்து மடித்துப் போட்டுக்கொள்ளலாம். அல்லது டப்பாவை சிவகாசியிலேயே அடித்துக்கொள்ளலாம். துணி, மெத்தை உறை மாதிரியானவற்றை வேக்யூம் பேக்கிங் செய்யச் சொல்லலாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற சாமானாக இருந்தால் அப்படியே அடுக்கச் சொல்லலாம். ஸ்டாண்டு, நாற்காலி மாதிரி இருந்தால் கழற்றிய நிலையில் வரட்டும். மரப்பெட்டியோ மரப்பலகையோ தேவையில்லை என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். எடையும் கனஅளவும் கூடும், தவிர மரத்துக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்பதற்கான சர்வதேச முத்திரை) இல்லாவிட்டால் இங்கே தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகளிடம் மாட்டும்.

பாசிமணி, திருகு, இரும்புச் சாமான் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அவர்களுக்கு நிஜ எடைதான் அதிகம். அவர்கள் பார்க்க வேண்டியது அடுத்த பகுதி.

எந்த வழி

தபால், எக்ஸ்பிரஸ் கூரியர், ஏர் கார்கோ, கப்பலில் பலர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்சிஎல். சின்ன ஆர்டருக்கு இந்த நான்குதான்.

2 கிலோவுக்குள் சாம்பிள் என்றால் தபால் போதும். சிறு பொட்டலத்துக்கு நிஜ எடைதான் கணக்கு. மெதுவாக வரும், டிராக்கிங் பாதியில் காணாமல் போகும், ஜிஎஸ்டி கிரெடிட் எடுப்பதும் (இறக்குமதியில் கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) சிரமம். சாம்பிளுக்கு அது பரவாயில்லை. ஒன்று கவனியுங்கள், சாம்பிள் என்றோ கிஃப்ட் என்றோ எழுதிவிட்டால் வரி இல்லை என்று சில சப்ளையர்கள் இன்னமும் சொல்வார்கள். 5,000 ரூபாய் வரை கிஃப்டுக்கு வரிவிலக்கு இருந்தது உண்மை, 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஏறக்குறைய 40, 50 கிலோ வரைக்கும் எக்ஸ்பிரஸ் கூரியர் சரிப்பட்டு வரும், வீட்டு வாசல் வரை வந்துவிடும், கிளியரன்ஸும் அவர்களே. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் சென்னையில் அக்கவுன்ட் திறந்து வாங்கும் ரேட்டைவிட, சீன சப்ளையர் தன் ஏஜென்ட் மூலம் அதே கம்பெனியில் வாங்கும் ரேட் பல நேரங்களில் குறைவு. சில நேரங்களில் சப்ளையரே அதன்மேல் கொஞ்சம் வைத்து உங்களிடம் சொல்வார். அதனால் இரண்டையும் கேளுங்கள், எரிபொருள் சர்சார்ஜ் சேர்த்த தொகையா சேர்க்காததா என்றும் கேளுங்கள். அது அடிக்கடி மாறும், சேர்க்காத ரேட்டைக் காட்டி ஆசை காட்டுவது வழக்கம். சரக்கு வந்ததும் வரியைக் கூரியர் கம்பெனி முன்கூட்டிக் கட்டிவிட்டு அதற்கென்று தனியாக ஒரு கட்டணம் போடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அதற்கு மேல் போனால் ஏர் கார்கோ. இங்கே கனஅளவுக் கணக்கில் வகுப்பது 6000-ஆல். மேலே சொன்ன பழைய பெட்டியில் பத்து எடுத்தால் கூரியரில் 192 கிலோ, ஏர் கார்கோவில் 160 கிலோ. அதோடு கிலோ ரேட்டும் குறைவு. ஆனால் விமான நிலையம் வரைக்கும்தான் அந்த ரேட், அதன்பிறகு புரோக்கர் கட்டணம், கிடங்குக் கட்டணம், வண்டி வாடகை எல்லாம் உங்கள் தலையில். ஏர் கார்கோ ரேட் ஸ்லாப் கணக்கில் போகும்: 45 கிலோவுக்கு மேல், 100-க்கு மேல், 300-க்கு மேல் என்று. ஒரு பேச்சுக்கு, 45 கிலோ ஸ்லாபில் கிலோ 300 ரூபாய், 100 கிலோ ஸ்லாபில் 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 85 கிலோ சரக்குக்கு 25,500 ஆகும்; அதையே 100 கிலோ என்று பில் போடச் சொன்னால் 24,000தான். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்து தரும் ஏஜென்டான ஃபார்வர்டரே இதைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் நீங்கள் கேளுங்கள், அல்லது இன்னும் 15 கிலோ சரக்கைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்சிஎல்: மலிவாகத் தெரிவது

கப்பலில் அரைக் கன்டெய்னர், கால் கன்டெய்னர் கணக்கில் பலருடைய சரக்கோடு சேர்ந்து வருவதுதான் எல்சிஎல். ஒரு சிபிஎம், அதாவது ஒரு கனமீட்டர், அல்லது 1,000 கிலோ, எது அதிகமோ அதற்குக் கட்டணம். பெரும்பாலும் குறைந்தபட்சம் ஒரு சிபிஎம் பில் போடுவார்கள். நம் பத்துப் பெட்டிப் பூ 0.96 சிபிஎம், அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் 0.3 சிபிஎம் சரக்கை எல்சிஎல்லில் போட்டால் முழு ஒன்றுக்குக் கட்டுவீர்கள்.

இங்கேதான் புதியவர்கள் விழுகிறார்கள். சப்ளையர் "சிஐஎஃப் சென்னை, கப்பல் கூலி சும்மா 10 டாலர்" என்பார் (சிஐஎஃப் என்றால் சாமான் விலையோடு இன்சூரன்ஸும் சென்னை வரை கப்பல் கூலியும் சேர்ந்தது), சில நேரம் இலவசம் என்றே சொல்வார். பொய் சொல்லவில்லை. சீனாவில் எல்சிஎல் சரக்குக்குப் போட்டி அதிகம், அங்குள்ள ஏஜென்ட் சரக்கைப் பிடிப்பதற்காகக் கூலியைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோய், சப்ளையருக்கே பணம் கொடுத்துப் பிடிப்பதும் நடக்கிறது. விட்ட பணத்தை அவருடைய சென்னைக் கூட்டாளி உங்களிடம் வசூலிப்பார். டிஓ (சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர்) கட்டணம், டிஎச்சி (துறைமுக முனையத்தில் கையாளும் கட்டணம்), கன்டெய்னர் பிரிப்புக் கட்டணம், சிஎஃப்எஸ் (கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்கு) கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வரிசையாக வரும். அதில் பாதி டாலரில் இருக்கும், டாலருக்கு அவர்கள் வைத்ததுதான் மதிப்பு, அதன்மேல் ஜிஎஸ்டி. கட்டாமல் டிஓ கிடைக்காது, டிஓ இல்லாமல் சரக்கு வெளியே வராது. அந்த நேரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை, ஒவ்வொரு நாளும் சிஎஃப்எஸ் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, எஃப்ஓபி என்று பேசி, அதாவது அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை சப்ளையர் பொறுப்பு என்று வைத்து, சென்னையில் நீங்கள் பார்த்துப் பேசிய ஃபார்வர்டரைக் கொண்டு எடுத்துவருவது. கப்பல் கூலி கண்ணுக்கு அதிகமாகத் தெரியும், ஆனால் இறங்கும் இடத்துக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கலாம். இரண்டாவது, சிஐஎஃப்தான் என்றால், சென்னை ஏஜென்ட் யார் என்று சப்ளையரிடம் பெயர் வாங்கி, அட்வான்ஸ் அனுப்பும் முன் அவருக்கே மெயில் போட்டு ஒரு சிபிஎம்முக்கு இறங்குமிடக் கட்டணம் மொத்தம் எவ்வளவு என்று வரிவரியாக வாங்குவது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். எக்ஸ்வொர்க்ஸ் விலை எஃப்ஓபியைவிடக் குறைவாகத் தெரியும், ஆனால் தொழிற்சாலை வாசலிலிருந்து துறைமுகம் வரை லாரி, ஏற்றுமதி கிளியரன்ஸ் எல்லாம் உங்கள் கணக்கு, தெரியாத ஊரில் அந்தச் செலவைக் குறைக்க உங்களால் முடியாது.

கொட்டேஷன் கேட்கும்போது "ரேட் என்ன" என்று கேட்காதீர்கள். "இந்த அளவில் இத்தனை பெட்டி, ஷென்சென் எஃப்ஓபி, என் அம்பத்தூர் கடை வாசலில் இறக்கும் வரை, வரி தவிர மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் ஒரே வாசகத்தில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். ஒருவர் லாரி சேர்த்து, ஒருவர் சேர்க்காமல், ஒருவர் டாலரில், ஒருவர் ரூபாயில் அனுப்பினால் தலை சுற்றும்.

இன்வாய்ஸில் கூலியைத் தனியாகக் காட்டுங்கள்

இதைப் பலரும் சொல்வதில்லை. சுங்க வரி சாமான் விலைக்கு மட்டும் இல்லை, கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்த மதிப்புக்குத்தான். ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு 2007-ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளில் ஓர் உச்சவரம்பு உண்டு, எஃப்ஓபி விலையில் 20 சதவீதத்துக்கு மேல் விமானக் கூலியைச் சேர்க்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் ரசீது இல்லையென்றால் எஃப்ஓபியில் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள்.

சாமான் 50,000, விமானக் கூலி 30,000. இரண்டும் தனித்தனியாக இன்வாய்ஸில் இருந்தால் கூலியில் 10,000 மட்டும் சேரும், மதிப்பு 60,562 ரூபாய் 50 பைசா. "ஃப்ரீ ஷிப்பிங், 80,000" என்று சப்ளையர் ஒரே வரியில் எழுதிவிட்டால் 80,000-க்கும் வரி. எஃப்ஓபியா சிஐஎஃப்பா என்று எதுவும் குறிப்பிடாத இன்வாய்ஸ் என்றால் அதன்மேல் இன்னும் 20 சதவீதம் ஏறவும் வாய்ப்பு உண்டு. அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்தால், அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 11 சதவீதம் ஆகிறது, திரும்பக் கிடைக்காத பணம் அது. 80,000 என்ற கணக்கிலேயே 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். ஐஜிஎஸ்டியும் (இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டி) அதற்கேற்ப ஏறும், பதிவு பெற்றவர்கள் அதைக் கிரெடிட்டில் எடுக்கலாம் என்றாலும் அதுவரைக்கும் காசு முடங்கும்.

கப்பலிலும் இதே கதைதான், வேறு விதமாக. கூலி எவ்வளவு என்று காட்டும் ரசீதோ சான்றோ இல்லையென்றால் 20 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் நிஜக் கூலி அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஃபார்வர்டரிடம் கூலிச் சான்றை வாங்கிப் புரோக்கரிடம் கொடுங்கள்.

இதை விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லும் யோசனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுங்கச் சட்டப்படி குற்றம், பறிமுதலும் அபராதமும் வரும், வங்கியில் அனுப்பிய தொகையோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிலோ இவ்வளவு, எல்லாம் சேர்த்து

"டோர் டு டோர், கிலோ இவ்வளவு, வரி எல்லாம் உள்ளே, பேப்பர் எதுவும் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். ரேட் நிஜமாகவே கம்மியாக இருக்கும். சரக்கு வேறு யாரோ ஒருவருடைய ஐஇசியில், வேறு பெயரில், வேறு மதிப்பில் உள்ளே வருகிறது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) உங்கள் பெயரில் இருக்காது, ஐஜிஎஸ்டி கிரெடிட் கிடையாது, நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிய பணத்துக்கு எதிராக வங்கியில் காட்ட ஆவணம் இருக்காது, கடைக்கு ஜிஎஸ்டி அதிகாரி வந்தால் கொள்முதல் பில் கேட்பார். சரக்கு வழியில் மாட்டினால் அது உங்களுடையது என்று கேட்கக்கூட வழியில்லை. 18 சதவீத கிரெடிட்டை விட்டுவிட்டு ஒப்பிட்டால் பல நேரம் மலிவும் இல்லை. நான் இந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

சேர்த்து வரவழைப்பது, நேரம் பார்ப்பது

நான்கு சப்ளையரிடம் நான்கு சின்ன ஆர்டர் என்றால், நான்கு பார்சலாக வரவழைக்காதீர்கள். கிளியரன்ஸ், ஆவணம், டிஓ இதெல்லாம் பார்சலுக்கு இவ்வளவு என்று வருகிற செலவு, சரக்கு ஒன்றோ பத்தோ அதே தொகை. குவாங்சோ, யீவு, ஷென்சென் ஊர்களில் ஃபார்வர்டர்களுக்குக் கிடங்கு இருக்கிறது, சப்ளையர்களை உள்ளூர் லாரியில் அங்கே அனுப்பச் சொல்லி, எல்லாம் சேர்ந்ததும் ஒரே சரக்காக ஏற்றலாம். சில நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எண்ணிக்கை குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து எடுப்பதும் நல்ல யோசனைதான். அப்போது ஒருவர் பெயரில் இறக்கி, மற்றவருக்கு ஜிஎஸ்டி பில் போட்டு விற்பது சுத்தமான வழி.

நேரமும் பணம்தான். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், அதற்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றப் பார்ப்பதால் ரேட் ஏறும், அதன்பிறகு தொழிற்சாலை ஆட்கள் ஊரிலிருந்து திரும்பவே நாளாகும். அக்டோபர் முதல் வாரமும் அங்கே விடுமுறை, தீபாவளிச் சரக்குக்காரர்கள் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இங்கே பொங்கல் வாரத்தில் சரக்கு வந்து இறங்கினால் ஏஜென்ட் ஆபீசிலும் லாரி ஷெட்டிலும் ஆள் பிடிப்பது பாடு. நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் வந்தால் சென்னை, காட்டுப்பள்ளி இரண்டிலும் கப்பல் தள்ளிப்போகலாம், அந்த மாதங்களில் இருப்பைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் சரக்கு தீர்ந்த பிறகு ஆர்டர் போடுபவர்தான் வேறு வழியில்லாமல் கூரியருக்குப் போகிறார்.

சரக்கு கிளம்பிய பிறகு

கூரியர் என்றால் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே கேஒய்சி, ஐஇசி, ஜிஎஸ்டி எண்ணை அவர்களுக்கு அனுப்பி, வியாபார இறக்குமதி என்று சொல்லுங்கள். விட்டால் சொந்த உபயோகம் என்று கிளியர் செய்துவிடுவார்கள், வரி விகிதமும் மாறும், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் கிரெடிட்டும் போகும். கப்பல் என்றால் பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட வேண்டும், தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 5,000 ரூபாயில் தொடங்கும். ஒரு சிபிஎம் சரக்குக்கு அது மொத்தக் கப்பல் கூலியையே தின்றுவிடும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) நகல் மூன்றையும் ஏற்றிய அன்றே வாங்கி, புரோக்கரிடம் பில் ஆஃப் என்ட்ரியின் வரைவைக் கேட்டுச் சரிபாருங்கள், ஹெச்எஸ் கோடும் பெயரும் எழுத்துக்கு எழுத்து.

பெட்டி கைக்கு வந்ததும் பிரிப்பதற்கு முன் டேப் வைத்து அளந்து, தராசில் போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர் பில்லில் 22 கிலோ என்றிருந்து உங்கள் கணக்கில் 19.5 வந்தால் படத்தோடு மெயில் போடலாம், திருத்தித் தருவார்கள். ஐஜிஎஸ்டி உங்கள் ஜிஎஸ்டிஆர் 2பி-யில் (ஜிஎஸ்டி தளத்தில் வரும் கிரெடிட் பட்டியல்) வந்திருக்கிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள். பில் ஆஃப் என்ட்ரி நகலை வங்கிக்குக் கொடுங்கள், பழைய பணம் கணக்கு முடியாமல் நின்றால் அடுத்த முறை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது கேள்வி கேட்பார்கள். அப்புறம் எல்லாச் செலவையும், லாரி இறக்குக் கூலி வரைக்கும், ஒரு தாளில் கூட்டி எண்ணிக்கையால் வகுத்து அடக்க விலையை எழுதி வையுங்கள். அடுத்த ஆர்டருக்குக் கூரியரா எல்சிஎல்லா என்று பார்க்க அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.